பூச்சிப் படங்களுக்கு ஒரு டிஃப்யூசர்: செய்ததும் சோதித்ததும்

பொறிவண்டை ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் அதன் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அது வண்டின் புள்ளி இல்லை, ஃபிளாஷின் பிரதிபலிப்பு. அந்த இடத்தில் சிவப்பும் இருக்காது, ஓட்டின் நுண்ணிய குழிகளும் இருக்காது. எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் எதுவும் திரும்பி வராது, ஏனென்றால் அந்தப் பிக்சல்களில் பதிவாகியிருப்பதே வெறும் வெள்ளைதான். வண்டுக்குக் கீழே விளிம்பு கூரான கறுப்பு நிழல் ஒன்றும் கிடக்கும். தோட்டத்துச் சிற்றுயிர்களை எடுக்கத் தொடங்கியவர்களில் இந்தப் படத்தை எடுக்காதவர்கள் குறைவு. அதைப் பார்த்ததும் பலர் வேறு லென்ஸ் வாங்க யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண் செலவு. லென்ஸில் குறையில்லை, ஒளியில்தான் குறை.

அந்த ஒளியைச் சரிசெய்ய, ஃபிளாஷின் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் ஒன்றைச் செய்து, தோட்டத்திலும் இயற்கைக் காப்பகங்களிலும் பயன்படுத்திப் பார்த்ததன் பதிவு இது. கேமரா ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார், கொண்டது. லென்ஸ் 100 மி.மீ. மேக்ரோ, சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுப்பதற்கானது. ஃபிளாஷ் கேமராவின் தலையில் மாட்டும் சாதாரண ஸ்பீட்லைட். மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் (கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாய்) மாட்டினால், முடிவிலியில் ஃபோகஸ் வைத்த நிலையிலேயே 1:1 உருப்பெருக்கம் கிடைக்கும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் கணக்கு. டெலி லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் முன்னால் 8 டயாப்டர் க்ளோஸ்-அப் லென்ஸை மாட்டலாம். அதன் குவியத் தூரம் 125 மி.மீ. என்பதால் 200 மி.மீ. லென்ஸில் 1.6 மடங்கு வரும். 1:1 என்றால் 10 மி.மீ. நீளப் பூச்சியின் பிம்பம் சென்சார்மேலும் 10 மி.மீ. நீளத்துக்கே விழுகிறது என்று பொருள்.

வெயில் இருக்கும்போது ஃபிளாஷ் எதற்கு?

இந்தக் கேள்வி நியாயமானது. பதில் அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் ஒளித்துளையில் இருக்கிறது. எஃப் எண் கூடினால் துளை சுருங்கும். 1:1 அளவில் எஃப்/11 வைத்தால், ஏபிஎஸ்-சி சென்சாரில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 7 மி.மீ. பொறிவண்டின் முகம் தெளிவாக இருந்தால் வால்பக்கம் மங்கும். சரி, எஃப்/22 வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. பூச்சியை நெருங்க நெருங்க லென்ஸின் செயல்படும் அபெர்ச்சர் சுருங்கிக்கொண்டே போகும். உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, எஃப் எண்ணால் பெருக்கினால் அது கிடைக்கும். 1:1 அளவில் எஃப்/11 என்பது உண்மையில் எஃப்/22, எஃப்/22 என்பது எஃப்/44. சில கேமராக்கள் இந்தச் சுருங்கிய எண்ணையே திரையில் காட்டும், சில காட்டாது. எஃப்/44 அளவில் ஒளியின் விளிம்புவிளைவால் ஒரு புள்ளி சுமார் 60 மைக்ரான் அகல வட்டமாகப் பரவிவிடுகிறது. இன்றைய சென்சார்களில் ஒரு பிக்சல் 4 மைக்ரான் அளவில்தான் இருக்கிறது. ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதும் ஒரே சீராக மங்கும். கண்ணின் வலைப்பின்னலோ காலின் மயிரோ எதுவும் கூராக வராது. அதனால் நான் எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையில் நின்றுகொள்கிறேன்.

அந்த எஃப்/11-லேயே இரண்டு ஸ்டாப் ஒளி போய்விட்டது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிறது). கையில் பிடித்து எடுக்கும்போது நம் நடுக்கமும் பெரிதாகப் பதிகிறது, காற்றில் இலையும் ஆடுகிறது. ஃபிளாஷை முழுச் சக்தியில் அடிக்காமல் 1/16 சக்தியில் வைத்தால், அது எரியும் நேரம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிதான். ஷட்டர் 1/200 என்று இருந்தாலும், படத்தை எழுதுவது அந்தக் குட்டி நேரம்தான். மேகம் மூடிய நாளில் இலை நிழலில் கேமரா முக்காலி இல்லாமல் எடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஒளி, பக்கத்து ஒளி

டிஃப்யூசர் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது ஃபிளாஷ் முகத்தில் வெள்ளைத்தாள் ஒட்டுவது. அது ஏன் வேலை செய்யாது என்பதைப் பார்க்கச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பளபளப்பான கறுப்பு மணி ஒன்றை, 6 முதல் 8 மி.மீ. வரை, ஒரு இலையில் பசை வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் நம் போலி வண்டு. அசையாது, பறக்காது. அதன் மேற்பரப்பு குவியாடி என்பதால், நம் ஒளிமூலம் எந்த வடிவில், எந்த அளவில் இருக்கிறதோ அதை அப்படியே குட்டியாகக் காட்டும்.

ஃபிளாஷை வெறுமனே அடித்தால் மணியில் ஒரு கூரான புள்ளி. ஃபிளாஷ் முகத்தில் டிரேசிங் தாள் ஒட்டி அடித்தால் அதே புள்ளி, கொஞ்சம் மங்கலாக. இப்போது அதே தாளை ஃபிளாஷிலிருந்து எடுத்து, மணிக்கு 10 செ.மீ. மேலே கையால் பிடித்து அடித்தால், புள்ளி விரிந்து பெரிய வெண்பரப்பாகிவிடும். அதன் வெளிச்சமும் தணிந்து, அதனூடே மணியின் மேற்பரப்பு தெரியும். தாள் ஒன்றுதான், ஃபிளாஷும் ஒன்றுதான். தாள் இருக்கும் இடம்தான் மாறியது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவு. 7 செ.மீ. அகல ஃபிளாஷ் தலை 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும் வண்டுக்கு 13 டிகிரி அகலம்தான். 20 செ.மீ. அகலத் திரை 10 செ.மீ. தூரத்தில் இருந்தால் 90 டிகிரி. சூரியன் நமக்கு அரை டிகிரி அகலம், உச்சிவெயில் படங்கள் ஏன் இவ்வளவு கடுமையாக வருகின்றன என்பதற்கு அதுதான் காரணம். ஆக, எந்தப் பொருளில் செய்கிறோம் என்பது இரண்டாவது கேள்வி. பூச்சியின் கண்ணுக்கு ஒளி எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதுதான் முதல் கேள்வி. சந்தையில் கிடைக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கின்றன.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 1:1 அளவில் ஃபோகஸ் ஆகும்போது சென்சாரிலிருந்து பூச்சி சுமார் 30 செ.மீ. தூரத்தில் இருக்கும். லென்ஸின் முனையிலிருந்து மிஞ்சுவது 13 முதல் 15 செ.மீ. வரைதான். இந்த இடைவெளிக்குள் பெரிய திரையை நுழைக்க வேண்டும். ஆனால் இலைகளில் முட்டக் கூடாது, நிழலடித்துப் பூச்சியை விரட்டவும் கூடாது. வேலை முழுக்க இந்த இழுபறிதான்.

வெட்டியதும் ஒட்டியதும்

கூட்டுக்கு ஏ3 அளவு, அதாவது 42 × 29.7 செ.மீ., பாலிபுரோப்பிலீன் தாள் ஒன்று எடுத்தேன். ஃபைல் அட்டைகள் செய்யும் அந்த வளையும் பிளாஸ்டிக்தான். அரை மில்லிமீட்டர் கனம் போதும். வடிவம் முறத்தின் வடிவம்: பின்பக்கம் ஃபிளாஷ் தலையைக் கவ்வும் அளவுக்குக் குறுகல், முன்பக்கம் 22 செ.மீ. அகலம், இரண்டு ஓரங்களிலும் 6 செ.மீ. சுவர். அதைக் கவிழ்த்து லென்ஸுக்கு மேல் வைத்தால் கூரையும் சுவர்களும் தயார். மடிக்க வேண்டிய கோட்டில் கத்தியின் முதுகால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் மடிப்பு நேராக வரும். கூர்ப்பக்கத்தால் கீறினால் நாளடைவில் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும்.

உள்பக்கம் அலுமினியத் தாளைக் கசக்கி, விரித்து ஒட்டினேன். கசக்குவது ஒளி ஒரே திசையில் தெறிக்காமல் இருக்க. பல ஸ்பீட்லைட்டுகளின் தலை கிடைமட்டத்துக்குக் கீழே அதிகம் குனியாது. அதனால் ஒளி நேராக முன்னால் போய்ப் பூச்சியின் தலைக்குமேல் கடந்துவிடும். அதைக் கூரையில் மோதவைத்துக் கீழே திருப்ப வேண்டியிருக்கிறது. கூரையின் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்தால்தான் இது நடக்கும். தட்டையாக விட்டபோது மணியின் நெற்றியில் மட்டும் வெளிச்சம் இருந்தது, கீழ்ப்பாதி கறுப்பு. முன்விளிம்பை நூலால் இழுத்து வளைத்துக் கட்டியதும் சரியாயிற்று.

வாயை மூடும் வெள்ளைத் திரைக்குப் பல பொருள்களைப் பார்த்தேன். டிரேசிங் தாள் ஒளியை அழகாகப் பரப்புகிறது, ஆனால் காலைப் பனியில் நனைந்து சுருங்குகிறது, தொட்டால் சரசரக்கிறது. பேக்கிங்குக்கு அடுப்பில் விரிக்கும் தாள் ஈரம் தாங்கும், நிறம் கொஞ்சம் மஞ்சளாகிறது. பொருள்களைச் சுற்றி வரும் வெள்ளை நுரைத்தாள், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ளது, எடையே இல்லை, ஒளியைச் சீராகப் பரப்புகிறது. ஆனால் ஒரு முள் பட்டால் கிழியும். பால்வெள்ளை பாலிபுரோப்பிலீன் தாள் எல்லாவற்றையும் தாங்குகிறது, ஒளியைப் பரப்புவதில் மட்டும் நுரைத்தாளுக்குக் கொஞ்சம் பின்தங்குகிறது. கடைசியில் வெளியே பாலிபுரோப்பிலீன், உள்ளே நுரைத்தாள் என்று இரண்டையும் வைத்தேன்.

இரண்டு அடுக்குக்குக் காரணம் நீடிப்பு மட்டும் இல்லை. ஒரே திரை வைத்து மணியைப் பார்த்தால், வெண்பரப்பின் நடுவில் ஒரு பிரகாசமான மையம் தெரியும். ஃபிளாஷ் தலையின் ஒளி நேராகத் திரையைத் தாக்கும் இடம் அது. ஒளிமூலம் பெரிதாகத் தெரிந்தாலும் வேலையைச் செய்வது அந்த மையம்தான், மற்றதெல்லாம் அலங்காரம். அதைக் கலைக்க, ஃபிளாஷுக்கும் வெளித்திரைக்கும் நடுவழியில் ஏழு செ.மீ. சதுரத்துக்கு நுரைத்தாளை இரண்டாக மடித்து ஒரு தடுப்பு வைத்தேன். ஃபிளாஷின் ஜூமையும் அதன் மிக அகலமான நிலைக்குக் கொண்டுவந்து, முகத்தில் உள்ள அகலத் தகட்டை இறக்கிவிட்டேன். மணியில் மையம் கரைந்து பரப்பு சீரானது. ஒவ்வொரு அடுக்கும் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்கிறது. திரை பூச்சிக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் அந்த இழப்பைத் தாங்கலாம். தடுப்பை ஃபிளாஷ் முகத்தோடு ஒட்டிவிடக் கூடாது. தொடர்ந்து அடிக்கும்போது முகம் சூடாகிறது, இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

அப்புறம் கீழ்ப்பக்கம். மேலிருந்து மட்டும் ஒளி வந்தால் சிலந்தியின் வயிறும் கால்களின் உள்பக்கமும் இருட்டாகவே இருக்கும். லென்ஸ் குழலின் அடியில் 12 × 15 செ.மீ. வெள்ளை நுரைத்தாளை வெல்க்ரோவால் மாட்டினேன். திரையிலிருந்து கீழே வரும் ஒளி அதில் பட்டு மேலே திரும்புகிறது. இந்த ஒரு துண்டால் படம் மாறும் அளவு நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனால் எல்லா உயிருக்கும் இது நல்லதில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியாக நிறம். டிஃப்யூசரை மாட்டிய நிலையில் சாம்பல் அட்டை ஒன்றை எடுத்து, அதை வைத்தே வெள்ளைச் சமநிலையை அமைத்துவிட்டால், நுரைத்தாளும் அலுமினியமும் சேர்ந்து செய்யும் நிறமாற்றம் மொத்தமாகக் கழிந்துவிடும். திரை மாறினால் மறுபடி எடுக்க வேண்டும்.

அமைப்பு எளிமையானது: எல்லாமே மேனுவல், ஷட்டர் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200, ஃபிளாஷ் 1/8 அல்லது 1/16. ஃபிளாஷின் சக்தியைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் முறையை நான் அணைத்துவிட்டேன். டிடிஎல்லில் அளவு பார்ப்பதற்காக ஃபிளாஷ் ஒரு முன்ஒளியை அடித்துவிட்டுத்தான் படத்துக்கு அடிக்கும். இலைமேல் நிற்கும் நீண்டகால் ஈக்கள் அந்த முன்ஒளிக்கே எழும்பிப் பறந்து, படத்தில் வெறும் இலையை விட்டுச் செல்கின்றன. 1:1 அளவில் எடுக்கும்போது தூரம் மாறுவதே இல்லை, அதனால் ஒருமுறை கண்டுபிடித்த சக்தியே எப்போதும் பொருந்தும். ஒளியளவை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்க வேண்டிய அவசியமில்லை.

தோட்டத்தில்

எங்கே தொடங்குவது என்று கேட்டால், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் மொய்த்த ஒரு கொழுந்தைக் கண்டுபிடியுங்கள் என்பேன். மருந்தடிக்காமல் விட்டால் அந்த ஒரு கொழுந்தில் எல்லாமே வந்து சேரும். அசுவினிகளின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள். அசுவினிகளைத் தின்னப் பொறிவண்டும், வண்டுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத தோற்றத்தில் முதலைத்தோல் போர்த்திய அதன் புழுவும். கால் இல்லாமல் தவழும் மலர் ஈயின் புழு. சில அசுவினிகள் உப்பி, பழுப்பாகி, காகிதப் பை ஆகி ஒட்டிக்கிடக்கும். உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்த கூடு அது. முதுகில் வட்டமாக வெட்டிய துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. அசுவினிகள் இணையாமலேயே குட்டி போடக்கூடியவை என்பதால், பொறுமையாக எடுத்த படத்தைப் பெரிதாக்கும்போது பின்பக்கம் ஒரு குட்டி பாதி வெளிவந்திருப்பது தற்செயலாகத் தெரியும். கண்ணால் பார்த்தபோது பச்சைப் புள்ளிகள் மட்டுமே தெரிந்த இடம் அது.

கொழுந்து ஆடுமே? அதற்கு எனக்குப் பிடித்த முறை இது. இடது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தண்டைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸை வைத்துவிட வேண்டும். இப்போது கை ஆடினால் செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், இடைவெளி மாறாது. ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதில்லை. உருப்பெருக்கத்தை முதலிலேயே வைத்துவிட்டு, உடலை மெல்ல முன்னால் சாய்த்து, கண் தெளிவாகும் நொடியில் அழுத்துகிறேன். தண்டைத் திடீரென்று பிடித்தால் பூச்சிகள் உதிரும். வேருக்கு அருகில் தொட்டு, மெதுவாக மேலேற வேண்டும். பொறிவண்டை மட்டும் விரலால் திருப்ப முயல வேண்டாம். பயந்தால் அதன் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவம் கசியும், அதுவும் படத்தில் விழும்.

பளபளப்பான ஓடு உள்ள வண்டுகளில் டிஃப்யூசர் முழுப்பலன் தருகிறது. தாவும் சிலந்தியிடம் போனதும் கதை மாறுகிறது. அது நம்மை நோக்கித் தானே திரும்பிப் பார்க்கும், அதைவிட ஒத்துழைக்கும் உயிர் தோட்டத்தில் இல்லை. எட்டுக் கண்களில் முன்னால் உள்ள பெரிய ஜோடியின் லென்ஸ் ஓட்டோடு நிலைத்தது, அசையாது. உள்ளே உள்ள விழித்திரைக் குழாய்தான் அசைகிறது. அதனால் ஒரு படத்தில் கண் கறுப்பாகவும், அடுத்ததில் வெளிறியும் தெரியும். அந்தக் கண்ணில் 20 செ.மீ. திரை முழுவதும் பிரதிபலித்தால் பாதிக் கண் வெண்மையாகி, ஆழம் போய்விடுகிறது. ஆகவே சிலந்திக்கு வெளித்திரையின் பாதியைக் கறுப்புத் துணியால் மறைத்துவிடுகிறேன். கண்ணில் சின்ன ஒளித்துண்டு ஒன்று, மீதி கண்ணாடி. மயிர் நிறைந்த தேனீக்களுக்கும் இதே நியாயம்தான். எல்லாப் பக்கமும் ஒளி நிரப்பினால் மயிர்கள் தனித்தனியாகத் தெரியாமல் தட்டையாகின்றன. அவற்றுக்குக் கீழ்த்துண்டைக் கழற்றிவிடுவது நல்லது.

தும்பிகளுக்கு இந்த டிஃப்யூசர் பெரும்பாலும் வீண். அவற்றை 40, 50 செ.மீ. தூரத்திலிருந்துதான் எடுக்கிறோம். அவ்வளவு தூரத்தில் என் பெரிய திரை மறுபடியும் சின்ன ஒளியாகிவிடுகிறது. திரையின் அகலம் எவ்வளவோ அந்தத் தூரம் வரைதான் அதன் மென்மை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் சுமைதான். பல தும்பிகள் பறந்தாலும் உட்கார்ந்த அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சியைக் குறிவைத்துக் காத்திருந்து, காலை இளவெயிலில் இயற்கை ஒளியில் எடுப்பதே சரி. இரவுக் குளிரில் உடல் சூடேறாமல் இருக்கும் அந்த நேரத்தில் அவை எளிதில் பறப்பதும் இல்லை.

இன்னொரு தொல்லை, கறுப்புப் பின்னணி. ஃபிளாஷின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10 செ.மீ. தூரத்துப் பூச்சிக்குப் போதுமான ஒளி, திரையிலிருந்து 40 செ.மீ. தூரத்துச் செடியைச் சேரும்போது பதினாறில் ஒரு பங்கு. அதனால் பகலில் எடுத்த படம் நள்ளிரவில் எடுத்ததாகத் தெரியும். ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றி ஃபிளாஷ் சக்தியைக் குறைத்தால் சூழலின் ஒளியும் சேரும், ஷட்டரை 1/60-க்கு இறக்கினாலும் சேரும், ஆனால் அசைவால் நிழல்போல இரட்டை உருவம் தெரியத் தொடங்கும். இதையெல்லாம்விட எளியது, பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் இன்னொரு இலை வரும்படி நாம் நகர்ந்து நிற்பது. எனக்கு மங்கிய பச்சைப் பின்னணிதான் பிடிக்கும். கறுப்பு சில வண்டுகளுக்கு அழகு, பட்டாம்பூச்சிக்கு இல்லை.

செடிகளுக்கு வந்தால்

செடிகளை எடுக்கும்போது ஃபிளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறேன். இலையின் அழகு பாதி அதனூடே வரும் ஒளியில் இருக்கிறது. சூரியனை இலைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் நரம்புகளும், தண்டோரத்து மென்மயிர்களும் தனித்து நிற்கும். முன்னால் அடிக்கும் ஃபிளாஷ் அதையெல்லாம் அழிக்கிறது. மெழுகுப் பூச்சுள்ள இலைகளின் வெள்ளைப் பளபளப்புக்கு போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) நல்ல மருந்து, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளி போகும், பரவாயில்லை. உச்சிவெயிலில் வெள்ளைக் குடையை விரித்துச் செடிக்கு நிழல் பிடித்தாலே போதும்.

சிவப்புப் பூக்களில் ஒரு பொறி உண்டு. கேமரா காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் ஒளியளவு வரைபடம், சரியாக இருக்கும். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பார்த்தால் சிவப்பு மட்டும் வலப்பக்கம் முட்டி வழிந்திருக்கும். இதழின் மடிப்புகள் மறைந்து சிவப்புக் குழம்பு மட்டும் மிஞ்சுவதற்கு இதுவே காரணம். நிறவாரி ஹிஸ்டோகிராமை இயக்கி வைத்துக்கொண்டு, முக்கால் ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக (சென்சாரின் பதிவு அப்படியே உள்ள மூலக்கோப்பு) எடுத்தால் மடிப்புகள் மிஞ்சும். காற்றுக்கு, ஒரு துணி கிளிப்பைக் கனமான கம்பியில் கட்டி, கம்பியின் மறுமுனையைத் தரையில் குத்தி, காம்பைக் கவ்வவைத்தேன். கிளிப்பின் வாயில் நுரைத்தாள் ஒட்டாவிட்டால் காம்பு நசுங்கும்.

செடிக்கும் பூச்சிக்கும் நடுவில் கிடைக்கும் படங்கள் இரண்டையும்விடச் சுவையானவை. ஆமணக்கு இலையும் காம்பும் சேரும் இடத்தில் சின்ன மேடுகள் இருக்கும். அவை பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் சுரப்பிகள். எறும்பு அதில் வாய் வைத்துக் குடிப்பதை எடுக்கத் திரும்பவும் டிஃப்யூசரை மாட்ட வேண்டியதுதான்.

காப்பகத்தில்

தோட்டத்தில் நம் இஷ்டம், காப்பகத்தில் அப்படி இல்லை. நுழைவுப் பலகையில் ஃபிளாஷ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும். தடை இருந்தால் பேச்சே இல்லை. தடை இல்லாவிட்டாலும் கூடு, முட்டை, இரவில் கத்தும் தவளை, இவற்றின்மேல் நான் ஃபிளாஷ் அடிப்பதில்லை. பாதையை விட்டு இறங்காமல் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன கிடைக்கிறதோ அதுதான் அன்றைய படம். பாதையோரத்துக் கைப்பிடிக் கட்டைகளில் உட்காரும் ஈக்களும் சிலந்திகளும் பலர் கவனிக்காத செல்வம். புரட்டிய கல்லையும் மரத்துண்டையும் இருந்தபடியே வைக்க வேண்டும், அடியில் ஈரத்தில் வாழ்பவை வெயிலில் காய்ந்துவிடும். படத்தை மறைக்கும் புல்லைப் பிடுங்காமல் நூலால் ஒதுக்கிக் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். பூச்சி அசையாமல் இருக்கட்டும் என்று குளிரூட்டியில் வைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படி எடுத்த படங்களில் காலும் உணர்கொம்பும் இயல்புக்கு மாறாக மடிந்திருப்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

எடுத்த உயிர் எது என்று தெரிய வேண்டுமானால் அழகான ஒரு படம் போதாது. பூச்சிக்கு மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேரே. செடிக்குப் பூவோடு இலையின் அடிப்பக்கம், இலைகள் தண்டில் அமைந்த வரிசை, காய், பட்டை. 2008-இல் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இவற்றைத் தேதி, இடத்தோடு போட்டால் மற்றவர்கள் இனம் காண உதவுகிறார்கள். அழியும் நிலையில் உள்ள உயிர்களின் இடத்தை அந்தத் தளம் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். நாமாக வேறு எங்காவது பகிரும்போது கோப்பிலுள்ள இடக்குறிப்பை நீக்குவது நம் வேலை. அரிய ஆர்க்கிட் பூத்த இடம் வெளியே தெரிந்தால் அதைத் தோண்டி எடுத்துப்போக ஆள் வருவார்கள்.

பழுதும் மாற்றமும்

பயன்படுத்தத் தொடங்கியபின் முதலில் கைவிட்டது இருபக்க ஒட்டுநாடா. காலைப் பனியின் ஈரத்தில் நுரைத்தாள் மெல்லக் கழன்று தொங்கியது. இப்போது எந்தத் திரையும் ஒட்டியில்லை, எல்லாம் வெல்க்ரோவில். கிழிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், சிலந்திக்கும் வண்டுக்கும் ஏற்பத் திரையை மாற்றிப் போடவும் முடிகிறது. டிஃப்யூசரின் முன்பாரத்தால் ஃபிளாஷ் அதன் மாட்டியில் ஆடியது. கூட்டின் அடியிலிருந்து ஒரு பட்டையை லென்ஸ் குழலில், ஃபோகஸ் வளையத்தைத் தவிர்த்துச் சுற்றியதும் பாரம் லென்ஸுக்கு மாறியது. பக்கச் சுவர்களின் முன்மூலைகள் இலைகளில் முதலில் முட்டி, நெருங்குவதற்கு முன்பே பூச்சியை உஷார்ப்படுத்தின. அந்த மூலைகளை மூன்று செ.மீ. அளவுக்குச் சாய்வாக வெட்டிவிட்டேன். மணியில் பார்த்தால் பிரதிபலிப்பின் வடிவம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, படத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

பைக்குள் வைப்பதுதான் இன்னும் சிக்கல். சுவர்கள் விறைப்பாக நிற்பதால் கூடு தட்டையாக மடங்குவதில்லை. மடிப்புக் கோட்டில் தாளை முழுக்க வெட்டி, துணிநாடாவால் கீல் வைத்துப் பார்க்க அடுத்த தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.